பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்

தாம்பரத்தில் எங்கள் கல்லூரி மாணவர்களைச் சேவைக்கு இழுக்க ரத்ததானச் செயலி செய்தவன் நான். செயலியைச் சோதிக்கக் கொடையாளர் பட்டியலில் போட்ட என் பெயரை எடுக்க மறந்துவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தபோது பிரின்சிபால் பக்கத்தில் நின்றார். ஊசிக்குப் பயம் என்று சொல்ல முடியாமல் கிளம்பிப் போனேன்.

அடுத்த கட்டிலில், ஆட்டோ ஓட்டும் காக்கிச் சட்டையோடு ஒரு பெண்மணி ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார். கண்களை இறுக மூடியிருந்தார்.

"ஒவ்வொரு வாட்டியும் பயம்தான் சார். ஏதாச்சும் பேசிக்கினே இரு" என்றார்.

அவருக்குத் தைரியமூட்டுவதாக நினைத்து என் செயலியின் பெருமைகளை அளந்தேன். எனக்கு ஊசியை எடுத்ததும் திரும்பிப் பார்த்தால், கையில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார்.

"என்னுது எப்பவோ முடிஞ்சிச்சு. உனுக்குக் கை நடுங்கிக்கினு இருந்திச்சு, அதான் போவல."

நன்றி சொல்லவோ பெயர் கேட்கவோ எனக்குத் தோன்றவில்லை. செயலிக்கு எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள் என்று கேட்டேன்.