பூட்டிய ஃபைல், திறந்த ஃபோல்டர்

கடியப்பட்டணத்தில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டாலும் ஷைஜாவைத்தான் கூப்பிடுவார்கள். நாகர்கோவிலில் ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊர் கால்பந்து கிளப்பின் பழைய லினக்ஸ் கம்ப்யூட்டரும் அவள் தலையில்தான். அலுத்துக்கொள்வாள், வேறு யாராவது அதைத் தொட்டாலோ முகம் கடுகடுத்துவிடும்.

கிளப் கோப்பை ஜெயித்த ஃபைனலை அவளே படம் பிடித்திருந்தாள். கோயில் திருவிழாவில் திரை கட்டிப் போடுவதாக ஏற்பாடு. எல்லாரும் படங்களைப் போட ஒரு பொது ஃபோல்டரைத் திறந்துவிட்டு, அதில் போட்ட தன் வீடியோவுக்கு மட்டும் மாற்றி எழுதும் அனுமதியை எடுத்துவிட்டாள். "இனி ஒருத்தனும் இதுல கைவைக்க முடியாது, கேட்டியளா?" என்று கிளப்பில் பீற்றிக்கொண்டாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் பார்த்தால் வீடியோவைக் காணோம்!

ஷைஜா தலையில் அடித்துக்கொண்டாள். எழுதும் அனுமதி இல்லையென்றால் ஃபைலுக்குள் இருப்பதைத்தான் மாற்ற முடியாது. ஃபைலையே தூக்கி எறிவது ஃபோல்டரின் அனுமதியைப் பொறுத்தது. அதை ஊருக்கே கொடுத்தவள் அவள். மீன்பெட்டியைப் பூட்டிவிட்டு அறைக்கதவைத் திறந்துபோட்ட கதைதான். தெரியாதவளா? கிளப் கம்ப்யூட்டர்தானே என்ற மெத்தனம்!

அந்நேரம் சித்தப்பா மகன் சிலுவை, கிளப்பின் கோல்கீப்பர், தொங்கிய முகத்தோடு வந்தான்.

"அக்கா, நாந்தான் அழிச்சேன். காலுக்கு நடுவுல உருண்டு போச்சுல்லா ஒரு கோலு? ஜினி வீட்டுக்காரங்க பாத்தா எனக்க மானம் போவுமேன்னு..." ஜினியோடு அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"பின்ன இப்ப எதுக்குலே வந்த?"

"அவ போன் பண்ணினா. கடைசி பெனால்டிய நான் புடிச்சத பாக்கத்தான் வீட்டோட வாறாளாம்!"

"அதும் அதே ஃபைல்லதானலே கெடந்துது!"

"எனக்கு அந்த கோலு மட்டுந்தான் கண்ணுல நின்னுதுக்கா."

அடக்கமாட்டாமல் ஷைஜா சிரித்துவிட்டாள். அவளைத் தவிர யாரும் நுழைய முடியாத அவளுடைய சொந்த ஃபோல்டரில் ஒரு நகல் இருந்தது. "கோலும் சேத்துதான் போடுவேன். சம்மதமா?"

"போடுக்கா."

பொது ஃபோல்டருக்கு ஸ்டிக்கி பிட் என்ற காப்பைப் போட்டாள். யாரும் படம் வைக்கலாம்; மற்றவர் வைத்ததை அழிக்க முடியாது.

திருவிழா ராத்திரி, திரையில் பந்து சிலுவையின் கால்களுக்கு நடுவே உருண்டபோது கோயில் மைதானமே ஊளையிட்டது. அதிகம் சிரித்தவள் ஜினி. பெனால்டி வந்ததும் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தியவளும் அவள்தான்.

மறுநாள் சிலுவை மறுபடி வந்து நின்றான். "அக்கா, ஜினி அந்த கோல மட்டும் வெட்டி அனுப்பச் சொல்லுதா. கல்யாணத்துக்குப் பொறவு என்னைய மெரட்டுததுக்காம்."

"அனுப்பட்டுமாலே?"

"அனுப்புக்கா," என்றான். "அவ சிரிக்கத பாக்க நல்லாத்தான் இருக்கு."