டெமோ வண்டிக்கு வைத்த எலுமிச்சம்பழம்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தொண்ணூறுகளில், அம்பத்தூர் ஷோரூம் ஒன்றில் வாடிக்கையாளர்கள் ஓட்டிப் பார்க்க வைத்திருந்த டெமோ காரை மலிவாக வாங்கினேன். நான் குடியிருந்த ஆவடி குவார்ட்டர்ஸில் புதுசு என்றே சொல்லிக்கொள்ள நினைத்து, "அந்த டெமோ ஸ்டிக்கரைச் சுரண்டிடுப்பா" என்றேன் ஷோரூம் டிரைவரிடம். பலபேர் ஓட்டிய வண்டிக்குப் பூஜை எதற்கென்று ஒரு முழம் பூகூட வாங்கவில்லை.

சுரண்டி முடித்தவர், தன் பையிலிருந்து நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார்.

"இதுக்கு எதுக்குப்பா அதெல்லாம்?"

"இன்னா சார் இப்டி சொல்லிட்ட? ஒரு வருஷமா அல்லாரும் ஓட்டிப் பாத்துட்டு இங்கியே உட்டுட்டுப் போனாங்க. இன்னிக்குத்தான் மொத தபா ஒரு ஊட்டுக்குப் போவுது."

பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது.

குவார்ட்டர்ஸ் வாசலில் பக்கத்து வீட்டுக்காரர், "புதுசா சார்?" என்றார்.

"டெமோ வண்டி சார்" என்றேன். காலையில் இருந்த கூச்சம் எங்கே போனதென்றே தெரியவில்லை.