அத்தான் திமிங்கிலம் பார்த்த வெள்ளிக்கிழமை

படகின் முன்பக்கத்தில் இரும்புக் கம்பியைப் பிடித்தபடி, சாம்பல் நிற சூட்டும் சிவப்பு டையும் அணிந்த ஒருவர் நிற்கிறார். தேம்ஸ் நதியின் தைமாதக் காற்று அந்த டையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் எறிகிறது. அவர் அதை இழுத்துச் சரிசெய்யவில்லை. பழுப்பு நிறத் தண்ணீரில் எங்கே என்ன அசைகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அவர் மோர்டனில் உள்ள கவுன்சில் மண்டபத்தில் நின்று, பிரித்தானியப் பிரசையாகச் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அத்தானை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான்.

அத்தான் என் அக்காவின் கணவர். 2006ஆம் ஆண்டு நான் அவர்களுடைய வீட்டின் மேல்மாடி அறையில் குடியிருந்தேன். அவர் பெட்ரோல் ஸ்டேஷன் ஒன்றில் ஷிப்ட் வேலை செய்தார். அவர் தன் தாயைக் கண்டு பதினாறு வருடங்கள். தாய் யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சிக்குப் போய், அங்கே அத்தானின் தம்பியோடு இருந்தார். அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரத்தை வைத்து அத்தான் இரண்டு தரம் இந்திய விசாவுக்கு விண்ணப்பித்தார். இரண்டு தரமும் கிடைக்கவில்லை. இதற்குள் தாய்க்கு மறதி தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர், பேரப்பிள்ளைகளின் பெயர் என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. கெதியாக வரச்சொல்லித் தம்பி ஒவ்வொரு கிழமையும் தொலைபேசியில் சொன்னார். ஆகவே அந்தச் சத்தியப்பிரமாணம் எங்கள் வீட்டில் ஒரு சடங்கு அல்ல. சத்தியம் செய்தால் சான்றிதழ், சான்றிதழ் வந்தால் பாஸ்போர்ட், பாஸ்போர்ட் வந்தால் அம்மா. பிந்திப் போனால் அடுத்த வைபவம் எப்போது என்று எங்களுக்குத் தெரியாது. வேறு யாரும் சொல்லவுமில்லை. அதனால் பிந்தவே கூடாது என்று அக்கா தீர்மானித்திருந்தாள்.

அக்காவின் அந்தத் தீர்மானம்தான் எங்களைத் திமிங்கிலத்திடம் கொண்டுபோய் விட்டது. அவள் கோயில் ஐயருக்குத் தொலைபேசி எடுத்து நல்ல நேரம் கேட்டாள். காலை பத்தரைக்கு முன்னரே வீட்டுப் படி இறங்கிவிட வேண்டும் என்றார் அவர். அதற்குப் பிறகு ராகு காலம். அதற்கும் பிறகு வருகிற நேரம் அத்தானின் நட்சத்திரத்துக்கு ஒத்துவராது. ஐயர் பார்த்த பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்துச் சூரியனுக்குக் கணித்தது, லண்டனில் தைமாதத்தில் சூரியன் எழும்புவதே எட்டு மணிக்கு என்று நான் எடுத்துச் சொன்னேன். "உன்ர கணக்கை உன்ர ஒபீசில வைச்சுக்கொள்" என்றாள் அக்கா. பத்து மணிக்கு முன்னர் மூவரும் படி இறங்கினோம். கவுன்சில் மண்டபம் நடந்து போகிற தூரத்தில் இருந்தது. இறங்கிய வீட்டுக்குள் திரும்ப ஏறவும் கூடாது. மூன்று மணி வரை என்ன செய்வது?

"பாராளுமன்றத்துக்கு முன்னால ஒரு போட்டோ எடுப்பம்," என்றார் அத்தான். "சூட்டும் போட்டாச்சு. வீணாக்கக் கூடாது."

அப்படித்தான் நாங்கள் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துக்குப் போனோம். அக்கா அரக்கு நிறக் காஞ்சிபுரம் உடுத்து, மேலே குளிர்க் கோட்டும் காலில் சப்பாத்தும் போட்டிருந்தாள். கையில் ஒரு பை. அதற்குள் மரக்கறி ரோல்ஸ். வைபவம் முடிந்ததும் மண்டபத்தில் இருப்பவர்களுக்குக் கொடுப்பதற்காக விடியவே எழும்பிப் பொரித்தவை. வெள்ளிக்கிழமை என்றபடியால் இறைச்சி இல்லை. பாலத்தில் தேர் பார்க்க வந்த மாதிரிச் சனம். எல்லோரும் ஒரே பக்கக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தார்கள்.

"ஆரும் விழுந்திட்டினமோ?" என்று அக்கா என் கையைப் பிடித்தாள்.

யாரும் விழவில்லை. பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி தண்ணீரைக் காட்டினாள். கரும் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு மேலே வந்தது. அதில் பின்பக்கமாக வளைந்த ஒரு சிறு செட்டை. முதுகு மெதுவாக உருண்டு உள்ளே போனது. பாலத்தில் நின்ற சனம் முழுவதும் ஒன்றாக மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. வட அத்திலாந்திக்கின் ஆழத்தில் வாழ்கிற திமிங்கிலம், வழி தவறி ஆற்றுக்குள் வந்துவிட்டது என்று அந்தப் பெண் சொன்னாள். அத்தான் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"பாரும். விசா இல்லை, ஸ்பொன்சர் இல்லை, பாராளுமன்ற வாசலுக்கே வந்திட்டுது. நான் இந்த வாசலுக்கு வரப் பதினாறு வருசம்."

"அதுக்கும் ஆரோ ஒரு ஐயர் நேரம் பார்த்துக் குடுத்திருக்கிறார்," என்றாள் அக்கா.

பாலத்துக்குக் கீழே இறங்குதுறையில் சிறிய சுற்றுலாப் படகு ஒன்று நின்றது. அதன் படகோட்டி, நரைத்த தாடிக்காரர், திமிங்கிலத்தின் பின்னால் போக விரும்புகிறவர்கள் வரலாம், ஒரு மணித்தியாலத்தில் திரும்பிவிடலாம் என்று கூவிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தான் படிகளில் பாதி இறங்கிவிட்டார்.

"இஞ்சாருங்கோ, உங்களுக்கு விசரே?" என்று அக்கா மேலே நின்று கேட்டாள். "மூண்டு மணிக்கு அங்க நிக்க வேணும். மாமியை ஒருக்கா நினைச்சுப் பாருங்கோ."

"அவவை நினைச்சுத்தான் போறன். பதினாறு வருசத்துக்குப் பிறகு போய் முன்னால இருந்து என்ன கதை சொல்லுறது? பெட்ரோல் அடிச்ச கதையோ?"

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். நண்பகல்தான் ஆகியிருந்தது. நேரம் தாராளமாக இருக்கிறது என்று சொன்னேன். அந்த வீட்டில் என் கணக்கை யாரும் ஏற்றுக்கொண்ட ஒரே தடவை அது.

படகில் எங்களோடு இருபது பேர் வரை இருந்திருப்பார்கள். அலுவலக உடுப்போடு வந்தவர்கள், சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபடியே ஏறியவர்கள், மூக்குக்கண்ணாடி வரை கம்பளி போர்த்த ஒரு முதிய சோடி. லண்டனில் இத்தனை வருடம் இருந்து, ரயிலில் பக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் பழகிய எனக்கு அந்தப் படகு ஒரு அதிசயம். எல்லோரும் எல்லோரோடும் பேசினார்கள். ஒருவர் இடப்பக்கம் கையைக் காட்டினால் படகு முழுதும் இடப்பக்கம் ஓடும். படகு சரிய, தாடிக்காரர் ஒலிபெருக்கியில் அதட்டுவார். அரைவாசிப் பேர் வலப்பக்கம் திரும்பி வருவார்கள். மிதந்து வந்த ஒரு மரக்கட்டைக்கு இரண்டு தரம் கைதட்டினோம். அக்கா முதலில் பையை மடியில் வைத்து இறுகக் கட்டிப் பிடித்திருந்தாள். மூன்றாவது பாலம் தாண்டுவதற்குள் பை திறந்துவிட்டது. முதிய சோடிக்கு முதல் ரோல்ஸ் போனது. அவர்களுக்கு உறைப்பு ஏறி, கண்ணில் தண்ணீர் வந்து, இன்னும் ஒன்று கேட்டார்கள்.

ஆற்றில் மேற்கே போய்ச் செல்சீயை அண்டியதும் பொலிஸ் படகு ஒன்று வந்து எங்களை மறித்தது. அதற்கு அப்பால்தான் திமிங்கிலம். அது கரையை உரசுகிற அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இயந்திரச் சத்தம் அதைக் கலவரப்படுத்தும். ஆகவே எல்லாப் படகுகளும் இயந்திரத்தை நிறுத்தி ஓரமாக நிற்க வேண்டும், சொல்லும்வரை அசையக் கூடாது என்றார்கள் பொலிஸார். தாடிக்காரர் இயந்திரத்தை நிறுத்தினார்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்பது எனக்குத் தெரியும், எழுதியும் வைத்திருக்கிறேன். அக்காவுக்கு அது ஒரு யுகம் என்று மட்டும் இங்கே சொல்லலாம். ஒரு மணியானதும் அவள் என் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினாள். இரண்டு மணியானதும் என் கையைப் பிடித்துத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். கந்தசஷ்டி விரதத்தை ஆறு நாளும் தண்ணீரோடு பிடிக்கிறேன் என்று முருகனுக்கு நேர்ந்தாள். "உங்களுக்கெண்டு பார்த்த நல்ல நேரத்தில கடவுள் உங்களை ஆத்துக்கு நடுவில கொண்டுவந்து வைச்சிருக்கிறார்," என்றாள் அத்தானிடம்.

"சும்மா அந்தரப்படாதையும். கத்தினால் அது பயந்திடும்."

"அது பயப்பிடுறது தெரியுது. நான் பயப்பிடுறது தெரியேல்லை."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். முகம் வெளிறியிருந்தது. அவருக்கும் பயம் வந்துவிட்டது என்பதை அப்போதுதான் கண்டேன். தாடிக்காரரிடம் போய், கரையில் இறக்கிவிட ஏலுமா என்று தன் ஆங்கிலத்தில் கேட்டார். தாடிக்காரர் பொலிஸ் படகைக் காட்டிக் கையை விரித்தார். அத்தான் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில்தான் அது வந்தது. நாங்கள் தேடிப் போனபோது கட்டையைக் காட்டி ஏமாற்றிய ஆறு, நாங்கள் தேடாமல் நின்றபோது அதைக் கொண்டுவந்து பக்கத்தில் விட்டது. லொறி ஒன்று பிரேக்கை விடுகிற மாதிரி ஒரு பெரும் மூச்சு. படகுக்கு நாலைந்து முழம் தள்ளி, உருண்டையான பெரிய நெற்றி, அதன் கீழ் சிறு அலகு, அதன் பக்கவாட்டில் ஒரு கண். அது படகு அளவு பெரிது என்று அத்தான் பிற்காலத்தில் சொல்லி வந்தார். அது சரியல்ல, படகில் அரைவாசி இருக்கும். ஆனால் அந்தக் கணத்தில் என்னிடம் கேட்டிருந்தால் நானும் படகளவு என்றுதான் சொல்லியிருப்பேன். அத்தான் குனிந்து, கடல் இருக்கிற கிழக்குத் திசையைக் கையால் காட்டினார்.

"அங்கால போ, மோனை. இஞ்ச ஆழமில்லை. வந்த வழியால திரும்பிப் போ."

அது இன்னொரு தரம் மூச்சு விட்டது. அந்த மூச்சுத் தண்ணீர் முழுவதும் அத்தானின் சூட்டில் விழுந்தது. பிறகு முதுகு, செட்டை, கடைசியாக வால், எல்லாம் உள்ளே போயின. அது கிழக்கே திரும்பியதை நான் என் கண்ணால் கண்டேன். படகு ஆர்ப்பரித்தது. அந்த முதியவர் அத்தானின் முதுகில் தட்டி, அதற்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொல்ல, எல்லோரும் அதையே ஆங்கிலத்தில் ஆற்றைப் பார்த்துக் கத்தினார்கள். அக்கா அத்தானின் தோளை மணந்து பார்த்தாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் மச்ச மணம்," என்றாள். ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துமிருந்தது.

இரண்டரைக்குப் பிறகுதான் பொலிஸார் விட்டார்கள். தாடிக்காரர் பக்கத்து இறங்குதுறையிலேயே எங்களை இறக்கினார். நாங்கள் டாக்சிக்குக் கை காட்டியபடி ஓடினோம். பாலங்கள் எல்லாம் திமிங்கிலம் பார்க்க நின்ற வாகனங்களால் அடைபட்டிருந்தன. எங்களுக்கு முன்னால் நின்ற ஒவ்வொரு காரையும் அக்கா தனித்தனியாகத் திட்டினாள். மண்டபத்துப் படிகளில் ஏறும்போது உள்ளே தேசிய கீதம் பாடி முடித்துக்கொண்டிருந்தார்கள்.

கதவருகே நின்ற பதிவாளர் அம்மையார் பட்டியலைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், அவருடைய சூட்டிலிருந்து வந்த வாசத்துக்குச் சற்றே பின்வாங்கினார். சத்தியம் முடிந்துவிட்டது என்றார். அத்தானுக்கு ஆங்கிலம் முழுவதும் அந்த இடத்தில் போய்விட்டது. அவர் தன் நனைந்த கையைக் காட்டி, மிஞ்சிய ஒரேயோர் ஆங்கிலச் சொல்லைச் சொன்னார். திமிங்கிலம்.

அம்மையார் பட்டியலை மடித்தார். நீங்கள் அதைப் பார்த்தீர்களா என்று கேட்டார். காலையிலிருந்து மேல்மாடியில் ஒருவரும் வேலை செய்யவில்லை, எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால்தான் என்றார். பிறகு உள்ளே போய், தேநீருக்கு எழும்பிய சனத்தை மறுபடி இருக்கச் சொன்னார். மற்றவர்கள் கூட்டமாகச் சொன்ன சத்தியத்தை அத்தான் தனியே, ஒவ்வொரு சொல்லாக, மீன் வாசத்தோடு நின்று சொன்னார். கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் கடைசி வரிசை வரை கேட்டது. அக்காவிடம் அப்போது கொடுப்பதற்கு ஒரு ரோல்ஸ்கூட மிஞ்சியிருக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை திமிங்கிலத்தைத் தெப்பம் போன்ற ஒரு பெரிய படகில் ஏற்றிக் கடலை நோக்கிக் கொண்டுபோனார்கள். போகும் வழியில் அது இறந்துவிட்டது. நாங்கள் மூவரும் செய்தியைப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியை நிறுத்தினோம்.

இப்போது அத்தானுக்கு எழுபது கடந்துவிட்டது. கொண்டாட்ட வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள், அவரும் சொல்வார். திமிங்கிலம் வருடத்துக்கு வருடம் நீளும். நான் திருத்துவேன், சனம் சிரிக்கும். சத்தியம் செய்ததோடு அவர் கதையை நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு நடந்ததை அக்காவும் நானும் மாத்திரம் அறிவோம். திருச்சியிலிருந்து திரும்பிய அன்று, விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் காரில் அவரே சொன்னார்.

அவர் பங்குனி மாதம் போயிருந்தார். தாய்க்கு அவரை அடையாளம் தெரியவில்லை. லண்டனிலிருந்து வந்த யாரோ ஒருவர் என்று நினைத்து, மரியாதையாகத் தேநீர் குடிக்கச் சொன்னார். வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் அத்தான் திமிங்கிலக் கதையைத் தொடங்கினார். தாய் கட்டிலில் எழும்பி இருந்துவிட்டார். பிறகு என்ன நடந்தது என்று கேட்டார். அது கடலுக்குத் திரும்பிவிட்டது என்றார் அத்தான். ஆச்சரியம் என்னவென்றால், பேரப்பிள்ளையின் பெயரை மறந்தவர் அதை மறக்கவில்லை. அடுத்த நாள், அது இப்போது எங்கே என்று கேட்டார். அத்தான் அதை ஆபிரிக்காவைச் சுற்றிக் கொண்டுவந்தார். அவர் அங்கே நின்ற மூன்று கிழமையும் அது நீந்தியது. தம்பியின் பிள்ளைகள் உலகப் படத்தை விரித்து வைத்து வழி சொல்லிக் கொடுத்தார்களாம்.

புறப்படுகிற அன்று காலை தாய் கேட்டார். "எங்கட கடலுக்கு வந்திட்டுதோ?"

"ஓம் அம்மா. பருத்தித்துறையில கண்டவையாம்."

தாய் அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "தம்பி, லண்டனில என்ர மூத்தவன் இருக்கிறான். கண்டால் சொல்லும், அதுவே வழி கண்டுபிடிச்சு வந்திட்டுதாம் எண்டு."

"கண்டால் சொல்லுறன் அம்மா," என்று சொல்லிவிட்டு அத்தான் பெட்டியைத் தூக்கினார்.