ஸ்ரெல்லாவின் மூன்று ஓலைகள்

பலெர்மோவில் ஸ்ரெல்லாவைப்போல இஸ்திரிப்பெட்டி பிடித்து உடுப்பு மினுக்க இன்னொருத்தி இல்லை. அவள் மினுக்கி விரித்த மேசைவிரிப்பில் ஓர் ஈ வந்து இருந்து, வழுக்கி விழுந்து, கால் முறிந்து போனதாக, எங்கள் ஆட்கள் குடியிருந்த சீசாப் பக்கத்தில் கதை. ஈயை நான் பார்க்கவில்லை. மேசைவிரிப்பைப் பார்த்திருக்கிறேன், ஈயின்மேல் பிழை சொல்ல முடியாது.

அவள் மன்னார்க் கரையில் ஒரு கத்தோலிக்க மீன்பிடிக் கிராமத்தவள். தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி மூண்டபோது ஊரே கடற்கரைக்கு ஓடியது. கணவன் அகஸ்ரின் அவளை இராமேஸ்வரம் போகும் வள்ளம் ஒன்றில் ஏற்றிவிட்டு, "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாறன், வள்ளத்தை மறிச்சு வைச்சிரு" என்று சொல்லிக் கரையோடு திரும்பி ஓடினான். அன்றைக்கு எந்த வள்ளக்காரன் யாருக்காக மறித்தான்? அவள் அவனைக் கடைசியாகக் கண்டது முதுகை. இடுப்பில் நீலச் சாரம், ஈரமணலில் புதையாமலிருக்கக் கையில் தூக்கிப் பிடித்த செருப்பு.

தமிழ்நாட்டில் ஒரு முகாமில் சில மாதங்கள் இருந்து விசாரித்தாள். கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. பிறகு தமையன் ஒழுங்கு செய்த ஏஜென்சிக்காரன் அவளை இத்தாலியில் கொண்டுவந்து இறக்கினான். வேறு பெண்ணென்றால் அழுது முடித்திருப்பாள். ஸ்ரெல்லாவுக்குத் துக்கத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

காரணம் மாமியார் மதலேனம்மா. இருவரும் ஒரே வீட்டில் இரண்டு மீன்குழம்பு வைத்தவர்கள். அகஸ்ரின் இரண்டிலும் சரி சமமாக ஊற்றிச் சாப்பிட்டு, இரண்டு பக்கமும் பார்த்துத் தலையாட்டிவிட்டு எழும்புவான். அதனால் ஸ்ரெல்லாவுக்கு நடந்தது என்னவென்று நன்றாகத் தெரியும்.

"மனுசி 'ஊரைவிட்டு வரமாட்டன்' எண்டு குந்தியிருப்பா. இவரும் பக்கத்திலை குந்தியிருப்பார். ஆறு வருசமாக் குந்தியிருக்கினம்" என்பாள்.

சீசாவில் அவளோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த ஞானம்பிகை யாழ்ப்பாணத்துச் சைவக்காரி. வாய்க்குப் பூட்டில்லாதவள்.

"அப்ப ஒரு கடிதம் போட அந்தாளுக்குக் கையில்லையோ?"

"தாய் விடாள்."

"ஸ்ரெல்லா, எங்கடை ஆக்களெண்டால் ஒரு சாத்திரக்காரனைக் கேட்டு அலுவலை முடிச்சிருப்பம். நீங்கள் வேதக்காரர், இழுத்துக்கொண்டே கிடக்கிறியள்."

ஸ்ரெல்லா வேலை செய்த வீடு நகரின் பொலிதேயாமாப் பகுதியில் இருந்தது. வீட்டுக்காரி டொறதி அம்மையார், ஸ்ரெல்லாவுக்குச் சிஞ்ஞோரா, இங்கிலாந்தில் பிறந்து, உறுதி எழுதும் ஒரு சிசிலி நொத்தாரிசைக் கட்டி, அவரையும் அடக்கம் செய்துவிட்டுத் தனியே இருந்தவர். அவருடைய பொழுதுபோக்கு செத்த உறவினர். இங்கிலாந்தின் பழைய கோயில்களுக்கெல்லாம் எழுதி, ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம் என்று பதிவுகளின் நகல் எடுப்பித்து, முன்னோரை ஒவ்வொருவராகப் பிடித்து வந்து மேசையில் அடுக்கினார். நோவாவின் பேழையில் ஏறியவர் மட்டும்தான் மிச்சம் என்று ஞானம்பிகை சொல்வாள். உயிரோடிருந்த உறவு ஒன்றும் அந்தப் படியேறி வந்ததில்லை.

ஒருநாள் ஸ்ரெல்லா உடுப்பு மினுக்கிக்கொண்டிருந்தபோது சிஞ்ஞோரா ஒரு நகலை வாசித்துச் சிரித்தார். கொள்ளுப்பாட்டனாரின் தகப்பனாருக்குக் கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கலியாண அறிவிப்பான ஓலையை வாசித்தபோது, இரண்டாம் ஞாயிறு, ஒரு பெண் எழுந்து நின்று "இவன் என் புருஷன்" என்று மறித்தாளாம். குருவானவர் அதை அப்படியே பதிவில் எழுதி வைத்திருந்தார்.

"அவள் எங்கிருந்து வந்தாள்?" என்று ஸ்ரெல்லா கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? அதற்குமுன் எந்தப் பதிவிலும் அவள் இல்லை. ஓலை வாசித்ததால்தான் வந்தாள்" என்றார் சிஞ்ஞோரா.

ஸ்ரெல்லா அன்று வீட்டுக்கு வந்து ஞானம்பிகையிடம் சொன்னாள்: "அந்த மனுசியின்ர செத்த ஆக்கள் எல்லாரும் எழுத்திலை இருக்கினம். என்ர மனுசன் இருக்கிறாரோ இல்லையோ எண்டு ஒரு இடத்திலையும் இல்லை. எனக்கும் ஓலை வாசிக்கவேணும்."

"ஆரோடை?"

அதற்கு ஆள் இருந்தான். சிஞ்ஞோராவின் கட்டடத்தில் படிக்கட்டுக் கழுவிய கொன்ஸ்ரன்ரைன் ஊர்காவற்றுறையான். ஆறடிக்கு மேலே வளர்ந்த மனிதன். மாடிப்படியை அவன் கீழே நின்றே கழுவுவான் என்பார்கள். இரண்டு வருடமாக ஸ்ரெல்லாவைக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் அவனைப் படியில் நிறுத்திச் சொன்னாள்.

"ஊராக்கள் இருக்கிற இடமெல்லாம் எங்கடை ஓலையை வாசிக்கட்டும். அவர் இருந்தால் எழும்புவார். எழும்பினால் நீங்கள் விலகவேணும். ஒருத்தரும் எழும்பாட்டில் உங்களைக் கட்டுறன்."

"நான் கலியாணத்துக்கெல்லோ கேட்டனான், நீர் என்னை ஏலத்திலை விடுறீர்."

"விருப்பமில்லையெண்டால் விடுங்கோ."

கொன்ஸ்ரன்ரைன் வாளியைப் பார்த்தான். "அந்தாள் எழும்பினால் உமக்குச் சந்தோசமோ?"

அவள் வாளியைத் தாண்டி ஒரு படி இறங்கினாள். "சரி, வாசிக்கட்டும்" என்றான்.

கால்சாக் கோயிலில் தமிழ்ப் பூசை வைக்கும் யோசேப் சுவாமி தலையில் கைவைத்தார். ஊர்க் கோயிலின் பதிவேடு தப்பியிருந்தது, ஊர்தான் தப்பவில்லை. அதில் ஸ்ரெல்லாவின் ஞானஸ்நானத்துக்குப் பக்க ஓரத்தில் அகஸ்ரினைக் கட்டியது எழுதியிருந்தது. அவன் இறந்தது எங்கும் எழுதியிருக்கவில்லை.

"பிள்ளை, புருஷன் உயிரோடை இருக்கிறானெண்டு நீரே சொல்லுறீர். பிறகு ஓலை வாசியுங்கோ எண்டும் கேக்கிறீர். நான் என்ன செய்ய?"

"உயிரோடையெண்டு நான்தான் சொல்லுறன், சுவாமி. கோயில் தேடிச் சொல்லட்டும்."

சுவாமி ஆயர் இல்லத்துக்கு எழுதினார். நெடுநாளைக்குப் பின் பதில் வந்தது. ஓலையை ஒரு விசாரணையாக வாசிக்கலாம். காணாமற்போனவரின் பெயரையும் சேர்த்து, அவ்வூரார் சிதறியிருக்கும் இடங்கள் எல்லாவற்றிலும் வாசிக்க வேண்டும். அறிந்தவர் எவருமில்லையானால் மேற்கொண்டு யோசிக்கலாம். ஆக, பலெர்மோவிலும் மன்னார் மடுக் கோயிலிலும் தமிழ்நாட்டு முகாம்களிலும் ஒரே ஞாயிறுகளில் வாசிப்பதென்று ஒழுங்காயிற்று. இராசா வீட்டுக் கலியாணத்துக்குக்கூட இத்தனை இடத்தில் ஓலை வாசித்திருக்க மாட்டார்கள்.

தன் ஓலை வாசிக்கும் பூசைக்குப் பெண் போவது ஸ்ரெல்லாவின் ஊரில் வழக்கமில்லை. வெட்கத்தில் வீட்டிலேயே இருந்துவிடுவாள். ஸ்ரெல்லா முதல் வரிசை வாங்கில் போய் இருந்தாள். "இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இது முதலாம் ஓலை" என்று சுவாமி வாசித்து முடித்ததும், பீடத்துக்கு முதுகைக் காட்டி முற்றாகத் திரும்பி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். சனங்கள் கண்ணைத் தாழ்த்தின. பின்னால் யாரோ இருமியபோது கோயில் முழுக்கத் திரும்பியது. பாடகர் வரிசையில் நின்ற கொன்ஸ்ரன்ரைனின் முகம் மெழுகுதிரி நிறத்துக்குப் போனது.

இரண்டாம் ஞாயிறும் அப்படித்தான். ஒருவரும் எழும்பவில்லை.

அந்தக் கிழமை நடுவில் யோசேப் சுவாமி சிஞ்ஞோரா வீட்டுக்கே வந்துவிட்டார். ஸ்ரெல்லா மேசைவிரிப்பு ஒன்றை மினுக்கிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, தமிழ்நாட்டிலை ஒரு முகாமிலை ஆள் எழும்பியிருக்காம்."

"அவரோ?"

"இல்லை. அவரின்ர தாய்."

ஸ்ரெல்லா சிரித்தாள். வாய்விட்டு, கண்ணில் நீர்வரச் சிரித்தாள். "நான் சொன்னனானெல்லோ, சுவாமி! மனுசி இருக்கிறா! மனுசி இருந்தால் பக்கத்திலை அவரும் இருக்கிறார். தான் எழும்ப வெக்கப்பட்டுத் தாயை எழுப்பி விட்டிருக்கிறார். என்ன சொல்லி மறிச்சவ?"

சுவாமி கதிரையைத் தேடி இருந்தார். "மறிக்கேல்லை, பிள்ளை. கேள்விதான் கேட்டவவாம். 'ஸ்ரெல்லா இன்னொருத்தனைக் கட்டப்போறாளெண்டால், அவளோடை இத்தாலிக்குப் போன என்ர மகன் எங்கை?' எண்டு."

இஸ்திரிப்பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது. துணி கருகும் மணம் வந்தபிறகு சுவாமிதான் எழுந்து அதைத் தூக்கி வைத்தார். சிஞ்ஞோராவுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. விரிப்பை எடுத்து, கருகிய இடம் உள்ளே போகும்படி மடித்துக்கொண்டு போனார்.

அந்தச் சனிக்கிழமை முகாமுக்குப் பக்கத்துக் கடையொன்றில் மதலேனம்மாவைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். ஸ்ரெல்லா ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று கூப்பிட்டாள். வெளியே கொன்ஸ்ரன்ரைன் நின்றான்.

"மாமி, நான் ஸ்ரெல்லா."

"அவனிட்டைக் குடு."

"மாமி..."

"கோவமெண்டால் இருக்கட்டும். பெண்டிலைக் கண்டவுடனை தாயை மறந்தவனெண்டு நானும் ஆறு வருசமா ஒருத்தரிட்டையும் அவனை விசாரிக்கேல்லை. சுவாமிமாருக்குப் பொய் சொல்லி விளையாடாதையுங்கோ. குடு."

"என்னோடை இல்லை, மாமி. உங்களோடை இருக்கிறாரெண்டெல்லோ நான் நினைச்சன்."

கம்பி இரைச்சலுக்குள் கிழவியின் குரல் தணிந்து வந்தது.

"என்னைப் பேசாலைக்காரரின்ர வள்ளத்திலை ஏத்தினவன். 'அவள் மற்ற வள்ளத்திலை காத்துக்கொண்டு நிக்கிறாள், அதிலை வாறன்' எண்டுபோட்டுக் கரையோடை ஓடினவன்."

"கையிலை செருப்போ, மாமி?"

"ஓம். செருப்பைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு."

ஆக, அவன் ஓடியது இருவருக்கும் நடுவில். வந்து சேர்ந்தபோது இந்த வள்ளமும் போயிருக்கும், திரும்பினால் அந்த வள்ளமும் போயிருக்கும். அன்று மாலை அந்தக் கரையில் மிஞ்சியவர்கள் கடைசியாகக் கிடைத்த வள்ளத்தில் ஏறினார்கள் என்றும், அது எங்கும் ஒதுங்கவில்லை என்றும் ஊரார் சொல்லி இருவருமே கேட்டிருந்தார்கள். இருவருமே அந்தக் கதையில் அவனை ஏற்றவில்லை. ஒருத்தி அவனைத் தாயோடு வைத்திருந்தாள், மற்றவள் மனைவியோடு.

"உன்னைத்தான் திட்டினனான், பிள்ளை. ஒவ்வொரு நாளும்."

"நானும் உங்களைத்தான், மாமி."

"திட்டேக்கை அவன் உயிரோடை இருந்தானெல்லே" என்றாள் கிழவி.

கூண்டின் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு ஸ்ரெல்லா நிற்பதைக் கொன்ஸ்ரன்ரைன் வெளியிலிருந்து பார்த்தான். கதவைத் திறக்கக் கை நீட்டி, திறக்காமல் எடுத்துக்கொண்டான்.

"மூண்டாம் ஓலையை வாசிக்கச் சொல்லு" என்றாள் மதலேனம்மா. "நான் அண்டைக்குக் கோயிலுக்குப் போகன். போனால் எழும்பிப்போடுவன்."

ஓலை உடனே வாசிக்கப்படவில்லை. மாமியாரும் மருமகளும் சொன்னதைச் சுவாமிமார் எழுதி அனுப்ப, மறித்தவளின் வாக்கே இறந்தான் என்பதற்குச் சாட்சியாயிற்று. அந்தப் பதில் வரும்போது குளிர் பிடித்துவிட்டது. கொன்ஸ்ரன்ரைன் படியில் அவளை மறித்து, "இப்ப வேண்டாமெண்டால் சொல்லும், ஸ்ரெல்லா. நான் கோவிக்கன்" என்றான்.

"கட்டுறனெண்டு சொன்னனான், கட்டுவன். ஆனால் முதல் அவருக்குப் பூசை. அதே பூசையிலை ஓலை."

"என்ர ஓலையைச் செத்தவீட்டிலை வாசிக்கிறதோ?"

"வேறை எங்கை வாசிக்கிறது?"

அவன் அன்று பாடகர் வரிசையில் நிற்கவில்லை. கறுத்தக் காற்சட்டை போட்டுக்கொண்டு கோயில் வாசலில் நின்றான். ஞானம்பிகை சேலை உடுத்து வந்து, எப்போது எழும்புவது எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல், வாயைத் திறக்காமல் இருந்தாள். சிஞ்ஞோரா பெரிய தொப்பி ஒன்றோடு வந்திருந்தார். யோசேப் சுவாமி தொடங்கும்போது, "இன்றைய பூசை அகஸ்ரினின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது" என்றார். ஆறு வருடத்தில் அவன் பெயர் அப்படிச் சொல்லப்பட்டது அதுதான் முதற்தடவை. முடிவில் மூன்றாம் ஓலையை வாசித்தார். தடை அறிந்தவர்கள் அறிவிக்கவேண்டும் என்று சொல்லி, வழக்கத்தைவிடச் சற்று அதிகம் காத்தார்.

சனங்கள் முதல் வாங்கைப் பார்த்தன. ஸ்ரெல்லா அங்கே இல்லை. கடைசி வாங்கில், ஞானம்பிகைக்குப் பக்கத்தில், தலையை மூடிக்கொண்டு இருந்தாள். திரும்பிப் பார்க்க அவளுக்குப் பின்னால் சுவர் மட்டும் இருந்தது.