துலைக்கோ போறியள்?

வெளிக்கிட்டு நிற்கிற ஆளைப் பார்த்து 'எங்கே போகிறீர்கள்' என்று கேட்பது எங்கள் வீட்டில் பெருங்குற்றம். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடுமாம். மனம் கேட்காவிட்டால், 'துலைக்கோ போறியள்?' என்று கேட்கலாம். தூரமா என்று அர்த்தம். 'ஓம், துலைக்குத்தான்' என்று பதில் வரும். அதற்குமேல் தோண்டக் கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா மெல்பேணுக்கு இரண்டு பெட்டிகளோடு வந்தவர். இந்தச் சட்டம் எந்தப் பெட்டிக்குள் இருந்ததோ தெரியாது, பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது.

அப்போது ஸ்பிரிங்வேலில் வாடகை வீடொன்றில் இருந்தோம். எனக்கு ஆறு வயது. எழுபதுகளின் நடுப்பகுதி. தமிழ்க் குரல் கேட்க வேண்டுமென்றால் நாங்களே பேசிக்கொண்டால்தான் உண்டு. அம்மா, அப்பா, நான், அம்மாவின் தம்பியான என் மாமா. அம்மாவின் வயிற்றில் என் தம்பி.

மாமாவிடம் நீலப் பெற்றோல் தொட்டி வைத்த ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. நீண்ட வார இறுதி வந்தால் கூடாரத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவார். கடைசிப் பெற்றோல் கடை, கடைசித் தந்திக் கம்பம், கடைசி வேலி எல்லாவற்றையும் தாண்டி மலைக்காட்டுக்குள் போவார். திரும்பி வந்து வளை தோண்டி வாழும் வொம்பற் என்ற விலங்கைப் பார்த்த கதையும், மற்றப் பறவைகளைப் போலக் கத்திக்காட்டும் பறவையின் கதையும் சொல்லுவார். "ஊரிலை கூட்டத்துக்குள்ளை வளர்ந்த பொடியன். இஞ்சை ஆளில்லாத இடம் தேடி ஓடுறான்," என்பார் அம்மா. "மாடு மேய்ஞ்ச வயலை விட்டிட்டு மான் மேயிற காடு கேக்குது."

அந்தக் குளிர்காலத்தில் மாமாவிடம் ஒரு மாற்றம் வந்திருந்தது. மீனும் இறைச்சியும் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றார். அம்மாவுக்கு வேறு சந்தேகம். "ஆரோ வெள்ளைக்காரப் பெட்டை வேண்டாமெண்டிட்டாள் போலை. காதல் கசந்தால் கறியும் கசக்கும்," என்று சீண்டினார். மாமா சிரித்தார். அப்பா ஏனோ சிரிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் மாமா வெளிக்கிட்டார். அம்மாவிடம் ஒரு சுண்டு பச்சரிசி கேட்டார்.

"காட்டுக்குள்ளை பொங்கல் புக்கையோ காய்ச்சப் போறாய்?"

"பசிச்சால் காய்ச்சுவன் அக்கா."

நான் இடுப்பில் கட்டிய சாரத்தோடு ஓடிப்போய், "மாமா, எங்கை..." என்று தொடங்கினேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளில் மிச்சச் சொல் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"துலைக்கோ போறியள் மாமா?"

"ஓம் பிள்ளை, துலைக்குத்தான். போட்டு வாறன்."

மறுநாள் மத்தியானம் வாசலில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். எங்கள் வீட்டுக் கதவின் உயரத்துக்கு இருந்தார். ஓமியோ என்ற ஊருக்கு அப்பால், மலைக்குள், ஓர் ஆற்றங்கரையில் மோட்டார் சைக்கிள் நிற்கிறதாம். மரம் ஏற்றுகிற லொறிக்காரர் கண்டு சொல்லியிருக்கிறார். பக்கத்தில் சப்பாத்து. அதற்குமேல் மடித்து வைத்த சேட்டும் காற்சட்டையும். ஒரு சவர அலகு. ஆளைக் காணவில்லை.

அம்மா கதிரையின் முதுகைப் பிடித்தார்.

எங்கே போவதாகச் சொன்னார் என்று பொலிஸ்காரர் கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார்.

"துலைக்கு," என்றேன் நான்.

அப்பா அதை ஆங்கிலத்தில் சொன்னார். தூரம் என்றால் எந்தத் தூரம், எந்த ஊர், எந்தப் பாதை? பொலிஸ்காரர் பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரே கூரையின் கீழே படுத்தெழும்புகிற மனிதர் எங்கே போனார் என்று இந்த வீட்டில் எவரும் கேட்கவில்லையா? கேட்கவில்லை. நன்றாகப் போய்வரட்டும் என்றுதான் கேட்கவில்லை. அதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது?

"கேட்டிருக்கலாம்," என்றார் அம்மா மெல்ல. "கிள்ளாமல் விட்டிருக்கலாம்."

அப்பா பொலிஸ்காரரை வேலியோரம் கூட்டிக்கொண்டு போய் ஏதோ சொன்னார். யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். கேட்டுக்கொண்டிருந்த பொலிஸ்காரர் திடீரென்று தன் தொப்பியைக் கழற்றினார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. இந்த ஆள் ஏன் தொப்பியைக் கழற்றுகிறார் என்று நினைத்தேன்.

அன்றிரவு குசினியில் அடுப்பு மூட்டவில்லை. அம்மா வயிற்றில் கையை வைத்தபடி வாசல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த நாட்காலை பொலிஸ்காரர் மறுபடியும் வந்தார். ஆள் உயிரோடு இருக்கிறார், ஒரு பண்ணைக்காரர் கூட்டி வருகிறார் என்றார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு அம்மா குசினிக்குள் போய் வீட்டிலிருந்த ஆட்டிறைச்சி முழுவதையும் வெட்டிச் சட்டியில் போட்டார். சரக்குத்தூள் வறுத்துப் போட்ட மணம் தெருமுனை வரைக்கும் போயிருக்கும். "இண்டைக்கு அவன் தின்னத்தான் வேணும். வயிறாவது, காதலாவது."

பின்னேரம் ஒரு பழைய லொறி வந்து நின்றது. முன்னால் பண்ணைக்காரர். மற்றப் பக்கத்தால் மாமா இறங்கினார். யாருடையதோ பெரிய கோட்டு. காது மறைய இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. மூக்குவரை சுற்றிய சால்வை. ஆற்றில் முங்கியபோது கால் வழுக்கி, வெள்ளம் இழுத்துப்போய், விழுந்து கிடந்த மரமொன்று தடுத்திருக்கிறது. அக்கரையில் ஏறியவருக்குத் திரும்பக் கடக்க வழியில்லை. ஈர வேட்டியோடு காட்டுக்குள்ளிருந்து வந்த மனிதரைக் கண்டு தன் நாயே குரைக்க மறந்துவிட்டது என்றார் பண்ணைக்காரர். அவர் வீட்டில் தொலைபேசி இல்லை. பனி விழுந்து பாதையும் ஒரு நாள் மூடிக்கிடந்ததாம். திறந்ததும் வழியிலிருந்த பொலிசில் சொல்லிவிட்டு வந்தாராம்.

நான் மாமாவின் காலைக் கட்டிக்கொண்டேன். பொய்ச் சிரிப்பொன்றை வரவழைத்துக்கொண்டு அப்பா, "தலைக்கு வந்தது தலைப்பாகையோடை போச்சுது," என்றார். "உள்ளை வா, குளிருது," என்று மாமாவை அவசரமாக அறைக்குக் கூட்டிப்போகப் பார்த்தார்.

அம்மா விடவில்லை. "நில்லடா. என்னைச் சாகக்குடுக்கப் பாத்தனியே. முகத்தை வடிவாய்க் காட்டு." சிரிப்பும் கண்ணீருமாகச் சால்வையை இழுத்தார். மீசை இல்லை. அம்மாவின் சிரிப்பு நின்றது. மெதுவாகக் கையை உயர்த்தித் தொப்பியைக் கழற்றினார்.

மாமாவின் தலை முட்டையைப் போலிருந்தது. அங்கங்கே வெட்டுக்காயம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த வாசலில் என் சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

"ஐயாவோ, அம்மாவோ?" என்று கேட்டார் அம்மா.

"ஐயா," என்றார் மாமா. "ஒரு மாசமாச்சுது அக்கா. பிள்ளைத்தாச்சிக்குச் சொல்லவேண்டாமெண்டு எல்லாரும் சொல்லிச்சினம்."

அம்மாவிடமிருந்து அப்போது வந்த சத்தத்தை அதற்குமுன் நான் கேட்டதில்லை. அதற்குப் பின்னும் கேட்கவில்லை. பண்ணைக்காரர் லொறியருகே தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அப்பா குசினிக்குள் போய் அடுப்பை அணைத்தார். இறைச்சிச் சட்டியைத் தூக்கிப்போய் வளவின் பின்புறம் கிடங்கு வெட்டிக் கவிழ்த்து மூடினார். மூன்று நேரம் தின்னக்கூடிய கறி. செத்த வீட்டில் இறைச்சி ஆகாது.

செய்தி வேலைத்தலத்துக்கு வந்த நாளிலிருந்து மாமா எங்களோடிருந்து சிரித்தார், சீண்டலைக் கேட்டார், சோறும் பருப்பும் தின்றார். எங்கள் வீட்டுச் சுவர் மெல்லிய பலகை. அறைக்குள் தும்மினால் குசினியில் கேட்கும். மூத்த மகன் தகப்பனுக்காக வாய்விட்டு அழுவதற்கு ஒரு நாள் முழுக்க மலையேறிப் போக வேண்டியிருந்தது. போகிற வழியெல்லாம் ஹெல்மெற்றுக்குள் அழுததால் கண்ணாடி பனிப்புகார் பிடித்து இரண்டு தரம் விழப் பார்த்ததாக, நான் கலியாணம் முடித்த பிறகு ஒருநாள் சொன்னார். ஆற்றங்கரையில் பச்சரிசிப் பிண்டம் வைத்துவிட்டு முங்கியவர் அவர்.

அன்று பின்னேரம் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மாமாவின் மடியில் ஏறியிருந்து மொட்டைத் தலையைத் தடவினேன்.

"மாமா, மலைக்கு ஏன் போனீங்கள்?"

"அம்மப்பாவை வழியனுப்பிப்போட்டு வந்தனான்."

"அம்மப்பா துலைக்கோ போறார்?"

மாமா என் கையைத் தலையிலிருந்து எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

"ஓம் பிள்ளை. துலைக்குத்தான்."

அதற்குமேல் தோண்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். கேட்கவில்லை. ஆனால் அம்மப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. கடல் கடந்து அந்தக் குளிர் மலை வரைக்கும் வந்த மனிதர், எனக்குத் தருவதாகக் கடிதத்தில் எழுதிய, ஓலையில் பின்னிய பனங்கட்டிக் குட்டானையும் கொண்டு, எங்கள் வீட்டில் ஒரு எட்டுக் கால்வைக்காமல் போய்விட்டாரே.