உறவை வளர்க்கச் சிதம்பரம் போனேன்

போன வாரம் சிதம்பரத்தில் எனக்கு ஒரு பயிற்சி. மாணவர்களோடு உறவை வளர்ப்பது எப்படி? அதைக் கற்றுக்கொள்ள மாணவர்களை விட்டுவிட்டு இரண்டு நாள் வர வேண்டும். கடலூர் முதுநகரில் என் பத்தாம் வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்க, நான் இங்கே சக ஆசிரியர்களோடு பந்து பிடித்துக்கொண்டிருந்தேன். நம்பிக்கை வளருமாம். எனக்கு மூச்சுதான் வாங்கியது.

அப்போது செல்போன் அதிர்ந்தது. பக்கத்து வகுப்பு ஸ்டெல்லா டீச்சர்.

"சார், ஒங்க கிளாஸ் வெண்ணிலாவோட அப்பா டி.சி. கேட்டு வந்து ஒக்காந்திருக்காரு. காடாம்புலியூர்ல அத்தை வூட்டுக்கு அனுப்புறாராம், முந்திரி ஒடைக்க. பொண்ணு அழுவுது. நீங்க பேசினா கேப்பாரு."

பயிற்சியாளரிடம் ஓடினேன். ஓடிய வேகத்தைப் பார்த்து, பாத்ரூம் போக அனுமதி கேட்கிறேன் என்று நினைத்து அன்போடு கதவைக் காட்டினார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"சாயங்காலம் கையெழுத்து போடாம யாரும் போகக் கூடாது சார். அதுவும் அடுத்த செஷன் ரொம்ப முக்கியம். படிப்ப நிறுத்துற பேரன்ட்ஸ்கிட்ட எப்படிப் பேசறதுன்னு நடிச்சுக் காட்டணும்."

கேட்டீர்களா? அங்கே நிஜ அப்பா காத்திருக்கிறார். இங்கே ஒரு வரலாற்று ஆசிரியர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அப்பாவாகிறார். ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போய்வர அரை நாள் பர்மிஷன் கேட்டால் கிடையாது. போவது போல நடிக்க இரண்டு நாள் - வடை, காபியோடு.

எனக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தால் எனக்குக் குறும்பும் வரும்.

"நான் முதல்ல நடிக்கிறேன்" என்று முன்னால் போனேன். செல்போனை ஸ்பீக்கரில் போட்டேன். அவசரத்தில் முதல் கால் என் மனைவிக்குப் போய்விட்டது. அவளுக்கும் ஒரு வணக்கம் சொல்லி வைத்தேன். அடுத்த முறை சரியாக ஸ்டெல்லா டீச்சர் எடுத்து, வெண்ணிலாவின் அப்பாவிடம் கொடுத்தார்.

"அவ கணக்குல ஃபெயிலு சார். இன்னும் எதுக்குப் படிக்க வச்சிகினு?"

"கணக்கு வாத்தியாரு நான்தாங்க. அப்ப என்னைத்தான முந்திரி ஒடைக்க அனுப்பணும்?"

சிரித்தார். பிறகு கேட்டார். "இவ்ளோ அக்கறை இருக்கிறவரு நேர்ல பேசக் கூடாதா? எங்க இருக்கீங்க?"

"புள்ளைங்களோட எப்படிப் பழகறதுன்னு சிதம்பரத்துல கத்துக்கினு இருக்கேங்க."

"அப்ப இத்தினி நாளா தெரியாமயா இருந்தீங்க?"

ஹாலே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"சரி சார், நாளைக்கு ஸ்கூல்ல இருப்பீங்களா? இருந்தா டி.சி. இன்னிக்கு வேணாம். நேர்ல சொல்லுங்க, கேக்கறேன்."

"இருப்பேங்க."

பயிற்சியாளர் மதிப்பீடு சொன்னார்: குரல் நன்று, ஆனால் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

மறுநாள் பயிற்சிக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அப்பா வந்தார், டீ குடித்தோம், வெகுநேரம் பேசினோம். வெண்ணிலா வகுப்பில்தான் இருக்கிறாள் - கணக்கைத் தப்பாகப் போட்டுக்கொண்டு.

எனக்கு மெமோ வந்திருக்கிறது. மாணவர் உறவில் அக்கறை காட்டாததற்கு விளக்கம் தர வேண்டுமாம். ஸ்டெல்லா டீச்சரிடம் நான் பொருமியது வெண்ணிலா காதில் விழுந்துவிட்டது.

"அப்ப நீங்களும் ஒங்க அப்பாவ இட்டுக்கினு வரணுமா சார்?" என்றாள்.