பெயர் போடாத செய்தி

காலை எட்டு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவர். அதன் முனை என் காரின் எஞ்சின் மீது இருந்தது. பிடியை மெக்கானிக் இடது காதோடு அழுத்திப் பிடித்திருந்தார். சில விநாடிகளில் வலது காதுக்கு மாற்றினார். வணக்கம் சொன்னேன். திரும்பவில்லை. மறுபடி சொன்னேன். அப்போதும் திரும்பவில்லை.

கிளம்பும்போதெல்லாம் காரில் ஏதோ கடகடக்கிறது என்று முந்தின நாள் மாலை விட்டுப் போயிருந்தேன். எஞ்சினை நிறுத்திய பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"உள்ள பேரிங் போச்சு சார். எஞ்சின இறக்கணும். ஆறாயிரம் வெள்ளி செலவாகும்."

"நல்லாப் பாத்தீங்களா?"

பதில் இல்லை. துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார். கேள்வியைத் தவிர்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். தமிழ் நாளிதழில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்தவன். கேள்வியைத் தவிர்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று காரை எடுத்துக்கொண்டேன்.

அவருடைய பட்டறை பாசிர் கூடாங் போகும் சாலையில், எங்கள் தாமான் குடியிருப்புக்கு நேர் எதிரே. கப்பல் கட்டும் தளத்தில் பதினைந்து வருடம் இரைச்சலில் இரும்பு தேய்த்த பிறகு அவர் திறந்தது. தாமானின் தமிழர்கள் எல்லோரும் அங்கேதான் போவோம். 'நம்ம ஆளு' என்பதுதான் காரணம். அவர் சொன்னதை இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்ப்பது அவர் முகத்துக்கு நேரே சந்தேகப்படுவதற்குச் சமம். அதனால் யாரிடமும் சொல்லாமல், மறுநாள் மெதுவாகத் தெப்ராவில் உள்ள வேறொரு பட்டறைக்கு ஓட்டிப் போனேன்.

அங்கே இருந்தவர் ஒரு சீனர். காரைத் தூக்கி நிறுத்தி அடியில் போனார். கையுறை போட்ட கையால் புகைக்குழாய் மேல் இருந்த தகட்டைப் பிடித்தார். சத்தம் நின்றது. விட்டார். சத்தம் வந்தது. சூடு மேலே ஏறாமல் தடுக்கும் தகடு அது. போல்ட் துருப்பிடித்து உடைந்திருந்தது. ஒரு கம்பி வளையத்தைப் போட்டு இறுக்கினார். பத்து நிமிடம்.

"எஞ்சின் போச்சுன்னு சொன்னாங்க" என்றேன் மலாயில்.

சிரித்தார். "தீப்பு லா, போஸ்." ஏமாற்று வேலை என்றார்.

அன்று மாலை தாமானின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். சொன்ன தொகை, நடந்த வேலை, தகட்டின் படம். பெயர் போடவில்லை. 'இந்தச் சாலையில் உள்ள ஒரு பட்டறை' என்று மட்டும் போட்டேன். வழக்கு வராமல் எழுதுவதற்குப் பத்திரிகையில் பழகிய வழி அது. இந்தச் சாலையில் தமிழர் பட்டறை ஒன்றுதான் உண்டு.

பதில்கள் உடனே வந்தன. "நம்ம ஆளே நமக்கு ஆப்பு வைக்கிறான்." "அதான் வீட்டுக்கு மாடி எழும்புச்சா?" "என் காடிக்கும் போன வருசம் கியர்பாக்ஸ் போச்சுன்னான், இப்பதான் புரியுது." கோவில் கமிட்டியில் இருந்த ஒருவர் அதை வேறு மூன்று குழுக்களுக்கு அனுப்பியதாகச் சொன்னார்.

பட்டறை வாசல் என் வீட்டு முன்கதவிலிருந்து தெரியும். வழக்கமாக ஐந்தாறு கார்கள் நிற்கும். அடுத்த வாரம் ஒன்று நின்றது. அதற்கு அடுத்த வாரம் அவர் நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

ஆறு வாரம் கழித்து, இரத்த அழுத்த மாத்திரை வாங்க அரசாங்க மருத்துவமனைக்குப் போனேன். காது மூக்கு தொண்டைப் பிரிவின் முன்னால் அவரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். தாதி அவருடைய எண்ணை மூன்று முறை கூப்பிட்டார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி முழங்காலைத் தட்டிய பிறகுதான் எழுந்தார்.

அவர் உள்ளே போனதும் அந்த அம்மாள் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எடது காது போயி மூணு வருசம் ஆச்சுண்ணே. வலதும் போயிக்கிட்டிருக்கு. வெளிய சொன்னா யாரு காடி கொண்டு வருவாங்க? மெல்லிசான சத்தந்தான் மொதல்ல போகுமாம், டாக்டர் சொன்னாரு. இவருக்கு டம்மு டம்முன்னு அடிக்கிறது மட்டும் கேக்குது. தகடு ஆடுறதெல்லாம் கேக்காது."

அவர் போன கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ஒரு வார்த்த வந்து கேட்டிருக்கலாம்ணே. நீங்க பேப்பர்காரரு."

அவர் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் நின்று, கூடம் முழுவதும் கேட்கும் குரலில் பேசினார்.

"சார், நான் பொய் சொல்லல. அது பேரிங்தான். வேற எடத்துல செஞ்சிட்டீங்களா?"

"செஞ்சிட்டேன்."

காதைக் காட்டினார். மறுபடி சத்தமாகச் சொன்னேன். நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லது. பேரிங்க மாத்தலன்னா ஓட்டாதீங்க, நடு ரோட்டுல நின்னுரும்" என்றார்.

அன்றே குழுவில் திருத்தம் எழுதினேன். அவர் ஏமாற்றவில்லை, தவறாகக் கணித்துவிட்டார், நான் அவரிடம் கேட்காமல் எழுதியது தவறு. காதைப் பற்றி எழுதவில்லை. அதை எழுதினால் எப்போதாவது வரும் ஒரு காரும் வராமல் போய்விடும். இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவர், "காசு குடுத்துச் சரிக்கட்டிட்டாரா?" என்று கேட்டார். அதற்குக் கீழே வேறொருவர் கோவில் திருவிழா நோட்டீஸைப் போட்டார்.

தீபாவளிக்கு முன்பே பட்டறையை மூடினார்கள். அந்த இடத்தில் இப்போது நாணயம் போட்டுத் துணி துவைக்கும் கடை இருக்கிறது.